நான்கு ஐம்பத்திரண்டு

தார்த்து நகரத்துப் பேருந்துச் சீட்டுக் கணக்கு
ராத்திரி ஒன்றேகாலுக்குத் தூங்கிப்போகும்.
சர்வர் இல்லாத ஏற்பாடு என்று பெயர்.
சர்வர் இருக்கிறது, கடல் தாண்டி, வாடகைக்கு.
பசித்தவர் வந்து உட்கார்ந்த பிறகுதான்
அடுப்பு மூட்டுகிற ஓட்டல் அது.

காலை நான்கு ஐம்பத்திரண்டுக்கு
அன்னெலின் நிறுத்தத்தில் ஓர் அட்டை தட்டப்படும்.
அப்போதுதான் எங்கோ ஒரு மெஷினில் இடம் ஒதுக்கி,
பொட்டலத்தை இறக்கி, பிரித்து,
உள்ளே படுத்திருப்பவற்றை ஒவ்வொன்றாய் எழுப்பி,
தரவுத்தளத்தின் கதவைத் தட்டி,
சாவி கேட்டு, சாவி வாங்கி,
பச்சை விளக்கு.
மூன்று புள்ளி எட்டு நொடி.

அடுத்தவருக்கு எழுபது மில்லிசெகண்ட்.
அதற்கடுத்தவருக்கும்.

"சராசரி தொண்ணூறு" என்றான் கௌப்போ.
"யாரும் புகார் தரலையே."
ட்ரீனு வரைபடத்தைப் பார்த்தாள்.
நாளுக்கு ஒரு முள். அதே நேரம். அதே அட்டை.
கடைசி நான்கு எண் 4471.
ஊர் முழுக்கப் பங்குபோட்டால்
அந்த நான்கு நொடி ஆளுக்கொரு தூசு.
பங்கு போடப்படவில்லை என்பதுதான் சங்கதி.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சும்மா தட்டிக்கொடுத்து
விழித்திருக்க வைக்கலாம் என்று எழுதினாள்.
யாரும் ஏறாத ராத்திரிக்கு நகரசபை காசு தராது.
பதில் ஒரே வரி, வெள்ளிக்கிழமை மாலை.

திங்கள்கிழமை நிறுத்தத்துக்கே போய் நின்றாள்.
மைனஸ் பத்தொன்பது.
மூக்குக்குள் முடி உறைந்து குத்தியது.
பேருந்து வந்தது. கதவு திறந்தது.
கோட்டுக்குக் கீழே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சீருடை தெரிய
ஒருத்தி வலது கையுறையைப் பல்லால் உருவி
அட்டையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.
படியில் ஒரு கால்.
முதுகில் ஊரின் மொத்தக் குளிர்.
"ம்ம், உர்வே" என்றார் ஓட்டுநர்,
வைப்பரைப் பார்த்துக்கொண்டு.
திரையில் மயிரிழையாய் இருந்தது
இங்கே ஒரு மூச்சு வெளியே வந்து, வெள்ளையாகி,
கலைந்து, இன்னொன்று வருமளவு நீளம்.

அந்த வாரம் முழுக்க வெட்டினாள்.
படத்தைச் சுருக்கும் நிரல் ஒன்று கிடந்தது.
சீட்டில் படமே கிடையாது.
லாத்விய மொழியில் மாதப் பெயர்கள்.
எதற்கென்று தெரியாத, எடுத்தால் உடையுமோ என்று
ஆறு வருடமாய் யாரும் தொடாத ஒன்று.
தொட்டாள். உடையவில்லை.
ஐம்பத்தாறு மெகாபைட் மூன்றானது.
மாதக் கடைசிக் கணக்கை யாராவது கேட்கும்வரை
அந்த அறையைத் திறக்காதே என்றாள்.
பிறகு, அது எழுந்து முகம் கழுவித் தயாராய் நிற்கிற கணத்தை
அப்படியே உறையவைத்து எடுத்துவைத்தாள்,
மறுநாள் அந்த உறைவிலிருந்தே ஆரம்பிக்க.
குளிருக்குக் குளிரே கைவைத்தியம்.

முந்நூற்றுப் பத்து மில்லிசெகண்ட்.

சராசரி எண்பத்தொன்பது.
"ஒண்ணு குறைஞ்சிருக்கு" என்றான் கௌப்போ,
காப்பியை ஊதிக்கொண்டு.

மறுநாள் பதிவேட்டில் 4471 இரண்டு முறை.
அதற்கு மறுநாளும்.
முதலில் பச்சை. மூன்றரை நொடி கழித்து
"ஏற்கெனவே செலுத்தப்பட்டது".
எங்கே பிழை என்று ஒரு காலை முழுக்கத் தேடினாள்.
பிழை இல்லை.
விளக்கு எரிந்த பிறகும் எடுக்காத கை,
பழைய நேரம் முடியும்வரை
அங்கேயே இருக்கும் கை.
அதை எந்தக் கோப்பில் போய் வெட்டுவது?

பிப்ரவரி போயிற்று. ஆற்றில் பனி விரிசல் விட்டது.
ஒரு வியாழன், ஒரே வரி.
04:52, 4471, பச்சை.
ட்ரீனு கௌப்போவைக் கூப்பிடப் போனாள்,
கூப்பிடவில்லை.

வெள்ளி, மறுபடி இரண்டு.